வ.உ.சி. கப்பல் கம்பெனிக்கு இல்லாமல் போன அந்த ஒன்று... போர் விமான ஒப்பந்தங்களில் இருப்பது என்ன?

வ.உ.சி. என்றதும் நம்ம மனசுல வருவது இரண்டு காட்சிகள். ஒன்று கப்பல், இன்னொன்று செக்கு. 1961-ல் வந்த சிவாஜி படமும் பள்ளிக்கூடப் பாடமும் சேர்ந்து இந்த இரண்டையும் ஆழமாகப் பதிய வைத்துவிட்டன. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. அது கணக்கு.

10 லட்சம் ரூபாய் மூலதனத்தில் தொடங்கி, சொந்தமாக இரண்டு கப்பல்கள் வாங்கி, மக்கள் ஆதரவும் இருந்த ஒரு கம்பெனி ஐந்தே ஆண்டுகளில் மூடப்பட்டது ஏன்? பிரிட்டிஷ் அரசின் அடக்குமுறை என்பது சரியான பதில்தான். ஆனா அது பாதி பதில். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, இன்னைக்குச் செய்திகளில் அடிபடும் போர் விமான ஒப்பந்தங்கள் உதவும். கப்பலோ போர் விமானமோ, முதல் ரூபாய் வருமானம் வருவதற்கு முன்பே பெரும் பணத்தைக் கொட்டியாக வேண்டும். அந்தப் பணம் திரும்பி வரும் என்று யார் உத்தரவாதம் தருவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒட்டப்பிடாரத்து வக்கீல்

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் சிதம்பரம் பிள்ளை. அப்பா உலகநாத பிள்ளை வக்கீல், அம்மா பரமாயி அம்மாள். மகனும் வக்கீலானார். ஊரில் தொழில் செய்துவிட்டு 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார்.

அன்றைய தூத்துக்குடி சின்ன ஊர் இல்லை. 1876-லேயே ரயில் வந்துவிட்டது. சென்னையில் ரயில் ஏறினால் தூத்துக்குடி, அங்கிருந்து ஸ்டீமர் பிடித்தால் கொழும்பு. தனுஷ்கோடி வழியாகப் போட் மெயில் ஓடத் தொடங்கியது 1914-ல்தான். அதுவரை இலங்கைக்கான வாசல் இந்த ஊர். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலிகள், வியாபாரிகள், பஞ்சு மூட்டை, அரிசி, கருவாடு எல்லாமே இங்கிருந்துதான் போகும். கடல் ஆழமில்லாததால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் படகில் போய் ஏற வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு அரசு ஒப்பந்தம் என்பது புதிதும் இல்லை. முத்துக்குளித்தல் காலங்காலமாக ஆட்சியாளர்களின் ஏகபோகம். ஒரு கட்டத்தில் முத்துச் சலாபத்தை மொத்தமாகக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைதாரர் பெரிய தொகை கட்டுவார். சிப்பி கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் அவர் தலையில் துண்டு. பிறகு பிரிட்டிஷார் முறையை மாற்றினார்கள். முதலில் பார்களில் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, முத்தின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். தேறும் என்றால் மட்டுமே சலாபம் அறிவிப்பார்கள். எடுத்த சிப்பியில் ஒரு பங்கு குளியாட்களுக்கு, மீதி அரசுக்கு. அரசின் பங்கு ஏலம் போகும். நஷ்டம் வந்தால் யார் தாங்குவது என்பதை வைத்தே விலை அமையும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி.

எதிரே நின்றது யார்?

தூத்துக்குடி - கொழும்பு வழியில் அப்போது கோலோச்சியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. இதை வெறும் தனியார் கம்பெனியாகப் பார்த்தால் கதை புரியாது.

இதன் பிறப்பே ஓர் அரசு ஒப்பந்தத்தில்தான். கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டுபோக கிழக்கிந்திய கம்பெனி ஆள் தேடியது. அந்த வேலையை எடுப்பதற்காக வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்து வியாபாரியும் கூட்டாளிகளும் 1856-ல் ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினார்கள். 1857 கிளர்ச்சியின்போது இலங்கையிலிருந்து கல்கத்தாவுக்குப் படையை ஏற்றிச் சென்றதும் அதே கம்பெனி. 1862-ல் புதிய, பெரிய தபால் ஒப்பந்தம் கிடைத்ததும் பிரிட்டிஷ் இந்தியா என்று பெயர் மாறியது.

அந்தக் காலத் தபால் ஒப்பந்தம் எப்படி இருக்கும்? இத்தனை ஆண்டுகளுக்கு, இந்தத் துறைமுகங்களுக்கு, இத்தனை நாளுக்கு ஒருமுறை கப்பல் விட வேண்டும். அதற்கு அரசு ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகை தரும். தேவைப்பட்டால் படையையும் தளவாடங்களையும் ஏற்ற வேண்டும். கப்பலில் பயணிகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பணம் வந்துவிடும். கடன் கொடுப்பவர்களுக்கும் இந்த ஒப்பந்தக் காகிதம் ஒரு நம்பிக்கை.

அப்படி அரை நூற்றாண்டு வளர்ந்த கம்பெனியோடுதான் தூத்துக்குடி வக்கீல் மோத வந்தார்.

25 ரூபாய் பங்கு

1905 வங்கப் பிரிவினை சுதேசி அலையை எழுப்பியது. தூத்துக்குடியில் வ.உ.சி. நெசவுசாலை, கூட்டுறவுப் பண்டகசாலை என்று ஆரம்பித்து, கடைசியில் கப்பலுக்கே வந்தார். 1906 அக்டோபர் 16-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. 40,000 பங்குகள், பங்குக்கு 25 ரூபாய், மொத்தம் 10 லட்சம். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவிப் பெயர் அப்படி, ஆனா ஓடியாடி வேலை பார்த்தது அவர்தான்.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. தரப்பு நெருக்கியதும் ஷாலைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. டிக்கெட் இருக்கு, பயணிகள் இருக்காங்க, கப்பல் இல்லை! உடனே கொழும்புக்கு ஓடி ஒரு பெரிய கப்பலை வாடகைக்குப் பிடித்து நிலைமையைச் சமாளித்தார் வ.உ.சி.

வாடகையை நம்பி இனி பிழைப்பு நடத்த முடியாது என்று புரிந்துவிட்டது. பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகனுக்கு உடம்பு சரியில்லை, மனைவி நிறைமாதம். கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுவேன் என்று சபதம் செய்து கிளம்பியதாக அவரைப் பற்றிய வரலாறுகள் சொல்கின்றன. திலகரின் உதவியோடு எஸ்.எஸ். காலியா வாங்கப்பட்டு 1907-ல் தூத்துக்குடிக்கு வந்தது. அடுத்து எஸ்.எஸ். லாவோ. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், கூடவே 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம்.

சும்மா கொடுத்தாலும் கட்டுப்படியாகும்!

கட்டணப் போர் ஆரம்பித்தது. பி.ஐ. டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறக்கியது. பிறகு பி.ஐ. டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாங்க, கூடவே குடையும் தர்றோம் என்கிற அளவுக்குப் போனது. குடை விஷயம் தூத்துக்குடிக்காரர்கள் நாலு தலைமுறையாகச் சொல்லும் கதை. அதற்கும் மயங்காமல் சனம் சுதேசிக் கப்பலிலேயே ஏறியது என்பதும் அதே கதையின் பகுதி.

பெருமையான கதைதான். ஆனா கம்பெனியின் கல்லாப்பெட்டி பக்கம் இருந்து பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கப்பல் நிறைந்து போனாலும் காலியாகப் போனாலும் நிலக்கரி எரியும். மாலுமிகளுக்குச் சம்பளம், துறைமுகக் கட்டணம், காப்பீடு எல்லாம் உண்டு. எட்டணா டிக்கெட்டில் கப்பல் நிறைய ஆள் ஏற்றினாலும், வாங்கிய கப்பலின் விலையை எப்போது எடுப்பது? பி.ஐ.க்கு இந்தக் கவலை இல்லை. தூத்துக்குடி வழியில் விழும் அடியை மற்ற வழிகளின் லாபமும் அரசு ஒப்பந்தப் பணமும் தாங்கிக்கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஒரே ஒரு வழித்தடம், பங்குதாரர்களின் பொறுமை, மக்களின் உணர்ச்சி. அடுத்த ஆண்டும் இவ்வளவு வருமானம் நிச்சயம் என்று எழுதித் தர யாரும் இல்லை. தரக்கூடிய ஒரே ஆளான அரசு, எதிர்ப்பக்கம் நின்றது. அதிகாரிகளின் கெடுபிடிகள் தனி.

சரி, இதுக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

2025 செப்டம்பர் 25-ம் தேதி இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம், ஹெச்.ஏ.எல். நிறுவனத்துடன் 97 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. வரி நீங்கலாக 62,370 கோடி ரூபாய். 2027-28-ல் தொடங்கி ஆறு ஆண்டுகளில் டெலிவரி. இதற்கு முன்பு 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்குச் சுமார் 48,000 கோடியில் ஓர் ஒப்பந்தம்.

ஆண்டுக்கு 10, 15 என்று தேவைக்கேற்ப வாங்கலாமே? ஏன் இவ்வளவு பெரிய எண்ணிக்கையை ஒரே காகிதத்தில் எழுத வேண்டும்?

ஏனென்றால் விமானத் தொழிற்சாலைக்கும் வ.உ.சி.யின் கப்பலுக்கும் பிரச்சனை ஒன்றே. விமானம் கட்டும் தளம், அச்சுகள், சோதனைக் கருவிகள், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே செலவு. அந்தச் செலவை 10 விமானங்கள் மீது போட்டால் ஒரு விமானத்தின் விலை எகிறும். 97 மீது போட்டால் குறையும். உதிரி பாகம் செய்து தரும் சின்னக் கம்பெனிகளும், ஆறு ஆண்டு வேலை உண்டு என்றால்தான் கடன் வாங்கி மெஷின் போடுவார்கள்.

இன்னொன்று, கை பழகுவது. முதல் விமானத்துக்கு ஆகும் உழைப்பு நேரம் நூறாவது விமானத்துக்கு ஆகாது. அமெரிக்காவின் கர்ட்டிஸ்-ரைட் நிறுவனத்தைச் சேர்ந்த டி.பி. ரைட் என்ற பொறியாளர் 1936-ல் இதைக் கணக்காகவே எழுதினார். உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் உழைப்பு நேரம் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்பது அவர் கண்டது. விலை பேசும் மேசையில் வாங்குபவர் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான்: இத்தனை எண்ணிக்கை தருகிறேன், பின்னால் கிடைக்கும் சிக்கனத்தை இப்போதே விலையில் கழி.

அமெரிக்கா இதற்குத் தனிச் சட்டமே வைத்திருக்கிறது. அங்கே வழக்கமாக ராணுவக் கொள்முதலுக்கு நாடாளுமன்றம் ஆண்டுக்கு ஆண்டு பணம் ஒதுக்கும். பல ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும், பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை. கணிசமாகப் பணம் மிச்சமாகும் என்று காட்ட வேண்டும். நடுவில் அரசு பின்வாங்கினால் கம்பெனிக்கு எவ்வளவு இழப்பீடு என்ற உச்சவரம்பையும் முன்பே எழுதிவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு வேண்டிய பாகங்களை மொத்தமாக முதலிலேயே வாங்கவும் பணம் தருவார்கள்.

பணமும் ஒரே நாளில் கை மாறாது. கையெழுத்தானதும் ஒரு பகுதி முன்பணம், பிறகு வேலை ஒவ்வொரு கட்டம் முடிய முடிய ஒரு பகுதி, விமானம் ஒப்படைத்ததும் மீதி. தாமதமானால் கழிவு. வாங்கிய முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம். இந்த உத்தரவாதத்துக்கும் செலவு உண்டு, அதுவும் விலைக்குள் ஏறும். 2016-ல் 36 ரஃபேல் விமானங்களை 787 கோடி யூரோவுக்கு வாங்கியபோது பிரான்ஸ் அரசு முழு உத்தரவாதத்துக்குப் பதிலாக ஆறுதல் கடிதம் ஒன்று தந்தது நினைவிருக்கலாம். அதைப் பற்றி அவ்வளவு விவாதம் நடந்ததற்குக் காரணம், நஷ்டத்தை யார் தாங்குவது என்ற பழைய கேள்விதான்.

ஒப்பந்தத் தொகையை எண்ணிக்கையால் வகுத்து ஒரு விமானம் இவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்குகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேஜஸ் 62,370 கோடியை 97-ஆல் வகுத்தால் சுமார் 643 கோடி வரும். ரஃபேல் சுமார் 59,000 கோடியை 36-ஆல் வகுத்தால் 1,600 கோடிக்கு மேல். ஆனா ரஃபேல் தொகைக்குள் ஆயுதங்கள், உதிரி பாகங்கள், பராமரிப்பு, இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள் எல்லாம் இருக்கு. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்காமல் வகுத்தால் வருவது விலை இல்லை, வெறும் எண்.

உத்தரவாத ஆர்டர் இருந்தாலும் எல்லாம் சுபம் என்று அர்த்தமில்லை. 83 தேஜஸ் விமானங்களுக்காக அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனத்திடம் 99 இன்ஜின்களுக்கு 2021-ல் ஆர்டர் போனது. 2024 மார்ச்சில் விமான டெலிவரி தொடங்க வேண்டும். முதல் இன்ஜின் வந்ததே 2025 மார்ச்சில்தான்! ஷாலைன் கப்பலைத் திரும்ப எடுத்தபோது வ.உ.சி. நின்ற இடமும் ஏறக்குறைய இதுதான். முக்கியமான பொருள் அடுத்தவர் கையில் இருந்தது.

1908: எல்லாம் ஒரே மாதத்தில்

சுதேசிக் கம்பெனிக்குத் திரும்புவோம். 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். அந்த மில்லை நடத்திய ஹார்வி நிறுவனம்தான் பி.ஐ. கப்பல்களுக்கு உள்ளூர் ஏஜென்ட். மில்லில் விழுந்த அடி எங்கே வலித்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். சில நாட்களில், மார்ச் 12-ல், வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தந்த தீர்ப்பு இரட்டை ஆயுள் தண்டனை. சிவாவுக்கு 10 ஆண்டுகள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, கோவை சிறையின் செக்கு குறையவில்லை. கம்பெனியை ஓட்டிய ஆள் உள்ளே போனதும் பங்குதாரர்கள் பயந்தார்கள். போர் விமான ஒப்பந்தத்தில் அரசு பின்வாங்கினால் இழப்பீடு உண்டு. இங்கே 25 ரூபாய் போட்டவருக்கு அப்படி எதுவும் இல்லை. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் கண்ணூர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கப்பல்கள் கைமாறிப் போயிருந்தன.

கப்பலில் தொடங்கி விமானத்துக்குப் போனவர்

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. வ.உ.சி. விட்ட இடத்திலிருந்து பி.ஐ.யோடு மோதியவர் பம்பாயின் வால்சந்த் ஹீராசந்த். அவரும் கூட்டாளிகளும் 1919-ல் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே கட்டண வெட்டு, அதே நெருக்கடி. 1923-ல் பி.ஐ. தரப்போடு ஓர் உடன்பாட்டுக்கு வந்துதான் அந்தக் கம்பெனி தாக்குப்பிடித்தது.

அதே வால்சந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசோடு சேர்ந்து பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியைத் தொடங்கினார். இன்றைய ஹெச்.ஏ.எல். அதுதான். உலகப் போர் நேரம். இந்திய அரசும் பங்குதாரராகச் சேர்ந்து, 1941-ல் 48 கர்ட்டிஸ் ஹாக் போர் விமானங்களுக்கு ஆர்டர் தந்தது. முதல் விமானம் 1942 ஜூலையில் பறந்தது. ஆனா ஒருசில விமானங்களோடு திட்டம் நின்றது. போரின் தேவை மாறியது, தொழிற்சாலை பழுதுபார்க்கும் வேலைக்குத் திரும்பியது. வால்சந்தின் பங்கை அரசு 1942-லேயே வாங்கிவிட்டது. ஆர்டர் கொடுக்கும் அரசே அதை நிறுத்தவும் முடியும் என்பதற்கு நம்ம நாட்டிலேயே கிடைக்கும் ஓர் உதாரணம் இது.

சிறைக்குப் பிறகு

சிறையிலிருந்து வந்த வ.உ.சி.க்கு வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. 347 ரூபாய் சொச்சம். அதைக் கேட்டு 1915-ல் தொடங்கிய கடிதப் போக்குவரத்து நீண்டு, 1916-ல்தான் மணியார்டர் வந்தது. 10 லட்ச ரூபாய் கம்பெனியை உருவாக்கியவர் 347 ரூபாய்க்குக் காத்திருந்தார்.

பிறகு நீதிபதி வாலஸ் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். நன்றிக்கு ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. கோவில்பட்டியில் வக்கீல் தொழில், கூடவே தமிழ் வேலை. திருக்குறளுக்கு மணக்குடவர் உரை, தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரை என்று பதிப்பித்தார். தமிழ் படித்தவர்களுக்கு அந்தப் பதிப்புகளே தனிக் கப்பல்கள்! 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பி, 1936 நவம்பர் 18-ல் அங்கேயே காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார்.

2011-ல் தூத்துக்குடி துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டது. ஸ்காட்டியா பிரின்ஸ் என்ற கப்பல். போதிய பயணிகள் இல்லாமல், செலவு கட்டுப்படியாகாமல் சில மாதங்களில் அதுவும் நின்றுபோனது.